தீ மூட்டத் தெரிந்த பையனால் தீ மூட்ட முடியாமல் போனபோது: வனாந்தரச் சிகிச்சையில் ஒரு நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

இதில் வரும் பையனுக்கு அப்போது வயது 17. இப்போது 18 தாண்டிவிட்டது. உன்னைப் பற்றி எழுதலாமா என்று மின்னஞ்சலில் கேட்டிருந்தேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது: "எழுதுங்கள். கல்லை விழுங்கிய கதையையும் சேர்த்து எழுதுங்கள்." பெற்றோரும் சம்மதித்தார்கள். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றியோ விட்டோ எழுதுகிறேன். மருந்து, அளவு, நாள் வரிசை ஆகியவற்றில் கை வைக்கவில்லை.

அவன் இருந்த குழுவின் சிகிச்சையாளர் நான்தான். இதில் நடந்த தவறுகளில் ஒன்று என் கையெழுத்திலேயே பதிவாகி இருக்கிறது.

பின்னணி

அமெரிக்காவில் வனாந்தரச் சிகிச்சை என்பது வீட்டிலும் பள்ளியிலும் சமாளிக்க முடியாமல் தவிக்கும் பதின்வயதினரையும் இளைஞர்களையும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை காட்டிலோ பாலைவெளியிலோ சிறு குழுவாக வாழவைத்துச் சிகிச்சை தருவது. இதற்கு இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று, ஜெர்மன் கல்வியாளர் குர்ட் ஹான் 1941இல் பிரிட்டனின் வேல்ஸில் தொடங்கிய அவுட்வர்ட் பவுண்ட் என்ற வெளிப்புறச் சாகசப் பயிற்சி. மற்றது, 1960களில் யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் மாணவர்களைப் பாலைவெளிக்கு அழைத்துப்போய் நடத்திய உயிர்பிழைப்புப் பயிற்சி. யூட்டாவில் இவ்வகை நிலையங்கள் நிறைய முளைத்ததற்கு அந்த இரண்டாவது வேரும் ஒரு காரணம். எங்கள் நிலையமும் யூட்டாவில்தான் இருந்தது. கடல்மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேல், செம்மண் பாறையும் சேஜ் புதரும் ஜூனிப்பர் மரங்களுமான உயர்நிலப் பாலை.

பையன் வேறொரு மாநிலத்தைச் சேர்ந்தவன். பத்தாம் வகுப்பின் நடுவில் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் திரை, தினமும் கஞ்சா. நவம்பரில் அம்மாவின் தூக்க மாத்திரைகளை அள்ளி விழுங்கினான். ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தான். வெளியே வரும்போது, மனநிலை மிகை உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் இடையே ஊசலாடும் இருமுனைக் கோளாறாக இருக்கலாம் என்ற குறிப்பும், அதைச் சமப்படுத்தும் மருந்தான லித்தியம் நாளுக்கு 900 மில்லிகிராமும் கூட வந்தன. 'இருக்கலாம்' என்ற சொல் அடுத்த சில மாதங்களில் எல்லாத் தாள்களிலிருந்தும் மெல்ல உதிர்ந்துவிட்டது. எங்களிடம் வந்தபோது அது உறுதியான கண்டறிதலாகவே எழுதப்பட்டிருந்தது.

ஏப்ரலில் ஒரு நாள் அறைக் கதவை உடைத்தான். பக்கத்து வீட்டுக்காரர் போலீசை அழைத்தார். அதற்குப் பிறகு பெற்றோர் ஒரு கல்வி ஆலோசகரிடம் போனார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளை எங்கே சேர்ப்பது என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்பவர்கள் இவர்கள். அவர் எங்கள் நிலையத்தைச் சொன்னார். நாளுக்கு 500 டாலருக்கு மேல் செலவு. காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிட்டது. வீட்டின் மேல் கடன் வாங்கித்தான் கட்டினார்கள். இந்தக் கடன் பின்னால் வரும் முடிவுகளிலும் தலைகாட்டும்.

சேர்க்கை

சொன்னால் ஓடிவிடுவான் என்று பெற்றோர் பயந்தார்கள். அதனால் அழைத்துவரும் வேலைக்கென்றே இருக்கும் ஆட்களை அமர்த்தினார்கள். விடிகாலை நாலரை மணிக்கு அறைக்குள் இரண்டு பேர் நின்றார்கள். "நீ எங்களோடு வருகிறாய், சுலபமாகவும் வரலாம், கஷ்டப்பட்டும் வரலாம்" என்றார்கள். அப்பா வாசலில் நின்று "உன் நல்லதுக்குத்தான்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். பையனுக்கு 18 ஆகாததால் சட்டப்படி பெற்றோரின் சம்மதம் போதும். நாங்கள் அதைத் தடுக்கவில்லை. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை, எங்களிடம் வந்த பலர் அப்படித்தான் வந்தார்கள்.

மே கடைசி வாரம். சேர்க்கைக் கூட்டத்தில் லித்தியம்தான் முக்கியப் பேச்சு. லித்தியத்தின் பாதுகாப்பு எல்லை மிகக் குறுகியது. இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருந்தால் வேலை செய்கிறது, 1.5 தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. சிறுநீரகம் உப்பையும் லித்தியத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடத்தும். உடலில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் உப்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், லித்தியமும் கூடவே தங்கிவிடும். வெயிலில் நடக்கும் ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நிபந்தனைகளோடு சரி என்றோம். வந்த அன்றே இரத்தப் பரிசோதனை, 14ஆம் நாள் மறுபடி ஒன்று. நாளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், உப்புக் கரைசல் பொட்டலம் இரண்டு. 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் நடை கிடையாது, அது எல்லோருக்குமான விதி. ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் கூடாது, ஏனென்றால் அவை சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றும் வேகத்தைக் குறைக்கும். வந்த அன்று எடுத்த அளவு 0.8. எல்லாம் சரியாக இருந்தது.

நிபந்தனைத் தாள் தலைமை முகாமில் அவனுடைய கோப்பில் இருந்தது. களத்துக்குப் போகும் முதலுதவிப் பையில் வேறொரு தாள் இருந்தது. சுளுக்கு, தலைவலிக்கு யாருக்கு வேண்டுமானாலும் ஐபுபுரூஃபென் 400 மில்லிகிராம் கொடுக்கலாம் என்ற பொது அனுமதி அது. இரண்டு தாள்களும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

முதல் வாரம்

நாலு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. இரவில் ஓடிவிடக்கூடாது என்று காலணிகளை வாங்கி வைத்துக்கொள்வது நிலையத்தின் வழக்கம். அதைக் கழற்றிக் கொடுக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். களப் பணியாளர்கள் 'எதிர்ப்பு' என்று எழுதினார்கள். இருட்டில் இரண்டு அந்நியர்கள் படுக்கையிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்த ஒருவனின் மௌனத்துக்கு வேறு பெயரும் இருக்கலாம் என்று குறிப்பேட்டில் யாரும் எழுதவில்லை.

மூன்றாம் நாள் கல் விவகாரம். கூழாங்கல் ஒன்றை விழுங்கிவிட்டதாகச் சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டான். நர்ஸ் வண்டி போகும் இடம்வரை வந்து, அங்கிருந்து ஒரு மணி நேரம் நடந்து போனார். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பையன் வாயிலிருந்த கல்லைத் துப்பிவிட்டுச் சிரித்தான். ஹெலிகாப்டர் வரும் என்று நினைத்தானாம். அன்றைய குறிப்பில் 'நடிப்பு' என்ற சொல் முதல் முறையாக வந்தது. அன்றைக்கு அது உண்மைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சொல் அந்த நாளோடு நிற்கவில்லை. ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் அவனைப் பற்றிய முதல் வரியாக அதுவே கைமாறியது.

ஒன்பதாம் நாள்

ஐந்தாம் நாளிலிருந்து நிலைமை மாறியது. கஞ்சா இல்லை, திரை இல்லை, சூரியன் மறைந்தால் தூக்கம். ஒரு வாரத்தில் அவனுக்கு மாதக்கணக்கில் இல்லாத தூக்கம் திரும்பியது. பசி வந்தது. பேச்சும் வந்தது, பெரும்பாலும் கிண்டலாக. வனாந்தரச் சிகிச்சை எதையும் செய்யவில்லை என்று இப்போது சொல்பவர்களிடம் நான் இந்த ஐந்து நாட்களைக் காட்டுவேன்.

எங்கள் நிலையத்தில் தீக்கடைகோல் கற்றுத்தருவோம். சேஜ் தண்டில் செதுக்கிய கோல், அடியில் குழி வெட்டிய பலகை, மேலே அழுத்திப் பிடிக்க ஒரு கல், கோலைச் சுழற்ற நாண் கட்டிய வில். வில்லை முன்னும் பின்னும் இழுக்கும்போது குழியில் கறுப்புத் தூள் சேர்ந்து புகையும். தூள் ஒரு கங்காக மாறும். அதை ஜூனிப்பர் பட்டையை உதிர்த்த பஞ்சுக் கூட்டில் வைத்து ஊத வேண்டும். பலம் மட்டும் போதாது. இடது மணிக்கட்டு அசையாமல் இருக்க வேண்டும், வலது கை ஒரே சீராக ஓட வேண்டும். சில பிள்ளைகளுக்கு ஒரு மாதம் ஆகும். இவனுக்கு ஒன்பதாம் நாளே கங்கு விழுந்தது. அப்புறம் தினமும் காலையில் இவன்தான் குழுவுக்கே தீ மூட்டினான். பக்கத்தில் படுக்கும் 16 வயதுப் பையனுக்கும் மூட்டிக் கொடுத்தான். அது விதிப்படி தப்பு, களப் பணியாளர்கள் கண்டும் காணாமல் விட்டார்கள்.

பத்தாம் நாள் அம்மாவுக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினான். சின்ன, நேரான எழுத்து. பன்னிரண்டாம் நாள் 64 கேள்விகள் கொண்ட இளையோர் நிலை வினாத்தாளில் அவன் மதிப்பெண் 61. வந்தபோது 92. எண் குறைவது நல்லது, நாற்பதுகளின் நடுவில் எல்லைக்கோடு, அதற்குக் கீழே இயல்பு நிலை. 'எதிர்பார்த்ததைவிட வேகமான முன்னேற்றம்' என்று பெற்றோரிடம் தொலைபேசியில் சொன்னேன். அம்மா அழுதார்.

முழங்காலும் மாத்திரையும்

பதினோராம் நாள் பாறைச் சரிவில் இறங்கும்போது முழங்கால் திரும்பிக்கொண்டது. வீக்கம் அதிகமில்லை. முதலுதவிப் பையிலிருந்த பொது அனுமதியின்படி களப் பணியாளர் ஐபுபுரூஃபென் கொடுத்தார். நாளுக்கு மூன்று வேளை, பதினைந்தாம் நாள் வரை. கொடுத்ததை ஒழுங்காகக் குறித்தும் வைத்தார். பையில் இருந்த தாளைப் படித்து, அதில் சொன்னதை அப்படியே செய்தவர் அவர். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

பதின்மூன்றாம் நாளிலிருந்து வெயில் ஏறியது, மதியம் 35 டிகிரி. நடையை நிறுத்திவிட்டார்கள், ஆனால் நிழல் குறைவான முகாம். உப்புக் கரைசலின் சுவை பிடிக்காமல் அவன் அதைப் புதரில் ஊற்றிவந்தான் என்பது பின்னால்தான் தெரிந்தது. தண்ணீரை மட்டும் குடித்தான்.

14 முதல் 16 வரை

பதினான்காம் நாள் புதன்கிழமை. அன்றுதான் இரத்தப் பரிசோதனை, அன்றுதான் ஷிப்ட் மாற்றமும். களப் பணியாளர்கள் எட்டு நாள் வேலை, ஆறு நாள் ஓய்வு என்று மாறிக்கொள்வார்கள். இருந்த ஒரே வண்டி ஆட்களை ஏற்றி இறக்கப் போய்விட்டது. பரிசோதனையை அடுத்த திங்களுக்கு, அதாவது பத்தொன்பதாம் நாளுக்குத் தள்ளினோம். தள்ளலாமா என்று கேட்டபோது நானும் சரி என்றேன். பையன் நன்றாக இருக்கிறான், அளவு 0.8தானே என்று நினைத்தேன். ஐபுபுரூஃபென் எடுக்கிறான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அன்றே அவனுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. குழுவில் வேறு இரண்டு பேருக்கும் இருந்ததால் கை கழுவாத பிரச்சினை என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் மறுநாள் நின்றது. இவனுக்கு நிற்கவில்லை.

பதினைந்தாம் நாள் காலை அவனால் தீ மூட்ட முடியவில்லை. கோல் பலகையிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. புதிய ஷிப்டில் இருந்த மூவரில் யாரும் அவன் தீ மூட்டிப் பார்த்ததில்லை. அவர்களுக்குக் கைமாறிய வரி 'நடிப்பு, கவனம் தேவை'. குறிப்பேட்டில் 'முயற்சி இல்லை' என்று எழுதினார்கள். தீ மூட்டாதவருக்குச் சூடான சாப்பாடு கிடையாது என்பது அப்போதைய விதி. ஊறவைத்த ஓட்ஸைக் குளிராகவே சாப்பிட வேண்டும். அதில் அவன் பாதியைத்தான் சாப்பிட்டான். ஏற்கெனவே உப்பு குறைந்துகொண்டிருந்த உடலுக்கு உப்பே இல்லாத சாப்பாடு கொடுத்தோம், அதையும் தண்டனையாகக் கொடுத்தோம்.

பதினாறாம் நாள் என் வாராந்திர வருகை. ஒரு ஜூனிப்பர் நிழலில் நாற்பது நிமிடம் பேசினோம். பதில்கள் தாமதமாக வந்தன. நாக்கு கொஞ்சம் தடித்தது போல இருந்தது. இரண்டு முறை வாந்தி எடுத்ததாகவும், கால் சொன்னபடி கேட்கவில்லை என்றும் சொன்னான். மறுநாள் பெற்றோரின் கடிதம் அவனிடம் வாசிக்கப்பட இருந்தது. அவன் நடத்தை தங்களை எப்படிப் பாதித்தது என்று பெற்றோர் விவரமாக எழுதும் கடிதம், பிள்ளைகள் மிகவும் பயப்படும் நிகழ்ச்சி. எனக்கு எல்லாம் பொருந்திவிட்டது. என் குறிப்பு இது: 'கடிதத்தை எதிர்கொள்வதைத் தவிர்க்க உடல் அறிகுறிகளுக்குள் பின்வாங்குகிறான். களத்திலேயே தாங்கிப் பிடிக்கலாம்.'

நல்ல வாக்கியம் அது. மேற்பார்வைக் கூட்டத்தில் வாசித்தால் தலையாட்டுவார்கள். நாடித்துடிப்பைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் எழுதினேன். எழுதி முடித்து வண்டியேறிப் போய்விட்டேன்.

17ஆம் நாள் இரவு

கடிதம் வாசிக்கும் நிகழ்ச்சியை மாலைக்கு வைத்திருந்தார்கள். அவன் உட்கார்ந்திருக்க முடியாமல் சாய்ந்துகொண்டே இருந்தான். பாதியில் நிறுத்தினார்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது அந்த 16 வயதுப் பையன், குழுவிலேயே புதியவரான ஒரு இளம் பெண் பணியாளரிடம் போனான். அவருக்கு அது இரண்டாவது ஷிப்ட்தான். அவன் சொன்னதை அவர் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்: "போன வாரம் எனக்குத் தீ மூட்டித் தந்தது இவன்தான். இன்றைக்கு ஸ்பூனைப் பிடிக்க முடியவில்லை. நடிக்கிறவன் யாரும் பார்க்காதபோதும் நடிப்பானா?"

அவர் கடிதக் கோப்பை எடுத்தார். பத்தாம் நாள் கடிதத்தையும், அன்று மதியம் அவன் எழுத முயன்று விட்டுவிட்ட அரைப் பக்கத்தையும் தலைவிளக்கு வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டாவதில் வரிகள் கீழ்நோக்கிச் சரிந்திருந்தன, எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. மூத்த பணியாளர் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இளம் பணியாளர் கேட்கவில்லை. 8.40க்குச் செயற்கைக்கோள் தொலைபேசியில் நர்ஸை அழைத்தார்.

நர்ஸ் மூன்று கேள்விகள் கேட்டார். கையை நீட்டச் சொன்னால் நடுக்கம் எப்படி இருக்கிறது? பெரிதாக, வீசி வீசி. நேர்கோட்டில் நடக்கிறானா? இல்லை. லித்தியம் தவிர வேறு மாத்திரை ஏதாவது? ஐபுபுரூஃபென், ஐந்து நாள். உடனே இறக்குங்கள், இரவு லித்தியம் வேளையைக் கொடுக்காதீர்கள் என்றார்.

தார்ப்பாயில் கம்பு கட்டித் தூக்கினார்கள். வண்டிப் பாதைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், அப்புறம் சாலையில் ஒன்றரை மணி நேரம். மருத்துவமனையை அடையும்போது நள்ளிரவு தாண்டி ஒன்றரை.

மருத்துவமனை

லித்தியம் அளவு 2.3. சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியேட்டினின் அளவும் ஏறியிருந்தது. நரம்பு வழியே உப்புநீர் ஏற்றினார்கள், லித்தியத்தை நிறுத்தினார்கள், டயாலிசிஸ் இயந்திரத்தைத் தயாராக வைத்திருந்தார்கள். தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் அளவு 0.9க்கு இறங்கியது. ஆனால் மாதக்கணக்கில் லித்தியம் எடுத்தவருக்கு இரத்தத்தில் அளவு இறங்கினாலும் மூளையிலிருந்து அது மெதுவாகத்தான் வெளியேறும். நடுக்கம் முழுவதும் அடங்கப் பத்து நாள் ஆனது. சிலருக்கு நடையும் பேச்சும் நிரந்தரமாகப் பாதிக்கப்படுவது உண்டு. இவனுக்கு அப்படி ஆகவில்லை. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் அடுத்த படுக்கைக்குப் போனார்.

மாநில உரிமத் துறைக்கு மறுநாளே அறிக்கை போனது. பெற்றோர் அன்று மாலை வந்தார்கள். அப்பா என்னைப் பார்த்துக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பையன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "நான் சொன்னேனே" என்றான். அவ்வளவுதான். கல் விவகாரத்துக்குப் பிறகு அவன் உடம்பைப் பற்றிச் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. வாந்தி, கால், நடுக்கம், எல்லாமே.

அடுத்து எங்கே

மூன்று வழிகள் இருந்தன. தேறியதும் களத்துக்குத் திரும்புவது. கல்வி ஆலோசகர் ஏற்கெனவே இடம் பேசி வைத்திருந்த உறைவிடச் சிகிச்சைப் பள்ளிக்குப் போவது. வீட்டுக்குப் போவது.

நிலைய நிர்வாகம் களத்துக்குத் திரும்புவதையே விரும்பியது. 'தொடங்கியதை முடிக்கும் அனுபவம்' என்று காரணம் சொன்னார்கள். அதில் நம்பிக்கையும் இருந்தது, கட்டணமும் இருந்தது, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை. பெற்றோர் பள்ளிப் பக்கம் சாய்ந்தார்கள். கடன் வாங்கிய பணம் பாதியில் வீணாகிவிடுமோ என்ற கவலையும், வீட்டில் மறுபடி நவம்பர் வந்துவிடுமோ என்ற பயமும் அவர்களுக்கு. நான் வீடு என்றேன். நம்மை நம்பாதே என்று நாமே அவனுக்குக் கற்றுக்கொடுத்த இடத்துக்கு அவனைத் திருப்பி அனுப்பிவிட்டு, அதற்குச் சிகிச்சை என்று பெயர் வைக்க முடியாது என்பது என் வாதம். எதிர்வாதமும் வலுவானதுதான்: வெளிநோயாளிச் சிகிச்சையை அவர்கள் ஐந்து மாதம் முயன்று பார்த்துத் தோற்றிருந்தார்கள்.

மருத்துவமனையின் மனநல மருத்துவர்தான் அவனையே கேளுங்களேன் என்றார். நவம்பரிலிருந்து நடந்த எந்த முடிவிலும் யாரும் அவனைக் கேட்கவில்லை என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அப்போதுதான் உறைத்தது. அவன் வீடு என்றான். ஆனால் ஒரு நிபந்தனை. போகும் வழியில் தலைமை முகாமுக்கு அழைத்துப்போக வேண்டும், தன்னுடைய கோலும் வில்லும் வேண்டும், அந்த 16 வயதுப் பையனைப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் அங்கே இருந்தார்கள். இருவரும் என்ன பேசினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

வீட்டுக்கான திட்டம் எழுத்தில் இருந்தது. வாரம் இரண்டு முறை தனிச் சிகிச்சை, ஒரு முறை குடும்ப அமர்வு. வீட்டிலுள்ள மாத்திரைகள் எல்லாம் பூட்டிய பெட்டியில். தற்கொலை எண்ணம் வந்தால் யாரிடம், எந்த வரிசையில் பேசுவது என்று அவன் கையாலேயே எழுதிய ஒரு பக்கம்.

பத்து மாதம்

ஊரில் புதிய மருத்துவர் இருமுனைக் கோளாறு என்ற கண்டறிதலை மறுபடி தொடக்கத்திலிருந்து ஆராய்ந்தார். லித்தியம் இல்லாமலே மூன்று மாதம் கவனித்துவிட்டு, மனச்சோர்வும் கஞ்சாவும் சேர்ந்த நிலை என்ற முடிவுக்கு வந்தார். நவம்பருக்குப் பிறகு உதிர்ந்துபோன அந்த 'இருக்கலாம்' திரும்பி வந்ததாகவே எனக்குத் தோன்றியது.

மாலை நேரப் பள்ளியில் மூன்று பாடங்கள் எடுத்தான், இரண்டில் தேறினான். கஞ்சா இரண்டாம் மாதம் திரும்பியது, ஆனால் வார இறுதிகளில் மட்டும். தற்கொலை முயற்சி இல்லை. ஆறாம் மாதம் அதே வினாத்தாளில் மதிப்பெண் 58. பன்னிரண்டாம் நாள் நான் பெருமையோடு சொன்ன 61க்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

மூன்றாம் மாதம் அம்மா ஒன்று சொன்னார். தினமும் படுக்கும் முன் அறைக் கதவின் கைப்பிடிக்குக் கீழே ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறானாம். ஏழாம் மாதம் ஒரு குடும்ப அமர்வில் அப்பா அந்த நாலரை மணிக்காக மன்னிப்புக் கேட்டார். பையன் சரி என்றான். நாற்காலி அன்றிரவும் கதவடியில்தான் இருந்தது. பத்தாம் மாதம் நான் கடைசியாக விசாரித்தபோதும் இருந்தது. லித்தியத்துக்கு ஓர் அளவு உண்டு, பரிசோதித்து இறங்கிவிட்டது என்று சொல்ல முடிகிறது. இதற்கு என்னிடம் பரிசோதனை இல்லை.

எது எங்கே தவறியது

பின்னாய்வில் பட்டியல் நீண்டது. ஒன்றோடொன்று பேசாத இரண்டு தாள்கள், ஒற்றை வண்டி, தள்ளிப்போன பரிசோதனை, குளிர்ந்த ஓட்ஸ். இவற்றில் எந்த ஒன்று நடக்காமல் இருந்திருந்தாலும் அளவு 2.3 வரை ஏறாமல் போயிருக்கலாம். எல்லாம் சரிசெய்யக்கூடியவை, சரிசெய்தும் விட்டோம்.

'நடிப்பு' என்ற சொல்தான் அவ்வளவு சுலபமில்லை. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2007 அக்டோபரில் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. இதுபோன்ற நிலையங்களில் 1990க்கும் 2004க்கும் இடையே நடந்த பத்து மரணங்களை அதில் ஆராய்ந்தார்கள். உடம்பு முடியவில்லை என்று பிள்ளை சொன்னதை ஊழியர்கள் நடிப்பு என்று ஒதுக்கிய சம்பவங்கள் அவற்றில் உண்டு. என் பயிற்சிக் காலத்தில் அந்த அறிக்கையைப் படித்திருக்கிறேன், கோடு போட்டுப் படித்தேன். அதில் வரும் ஊழியர்களை அக்கறையில்லாதவர்கள் என்று மனதுக்குள் தள்ளிவைத்திருந்தேன். எங்கள் முகாமில் அக்கறையில்லாதவர் யாரும் இல்லை. பையன் ஒரு முறை உண்மையிலேயே நடித்தான், அதனால் எங்களுக்கு ஆதாரமும் இருந்தது. களப் பணியாளர்கள் அந்தச் சொல்லை நேராக எழுதினார்கள். நான் அதையே 'உடல் அறிகுறிகளுக்குள் பின்வாங்குகிறான்' என்று படித்தவர் மொழியில் எழுதினேன். என்னுடையது அதிக ஆபத்தானது, ஏனென்றால் அதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

மாற்றியவை, மாறாதவை

லித்தியம் எடுப்பவர்களை மே முதல் செப்டம்பர் வரை சேர்ப்பதில்லை. முதலுதவிப் பையின் பொது அனுமதி ரத்து. எந்த மாத்திரைக்கும் முன்னால் நர்ஸுக்கு அழைப்பு, அவர் ஆளின் மருந்துப் பட்டியலைப் பார்த்த பிறகே பதில். தீ மூட்டுவதற்கும் சாப்பாட்டுக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டோம். பழைய பணியாளர்கள் சிலர், அப்படியானால் யாரும் கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்றார்கள். கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள், கொஞ்சம் மெதுவாக.

உடல் சம்பந்தமான எந்தப் புகாரையும் சிகிச்சையாளர் விளக்குவதற்கு முன் நர்ஸ் பார்க்க வேண்டும். இந்த விதியை நான் எனக்காகவே கேட்டு வாங்கினேன். பிள்ளைகளே பணியாளரைக் கேட்காமல் நர்ஸை அழைக்கலாம் என்றும் வைத்தோம். பொய் அழைப்புகள் வருகின்றன. வரட்டும்.

ஆள் வைத்து இரவில் தூக்கிவருவதை நிறுத்த வேண்டும் என்று சொன்னேன். நிர்வாகம் ஏற்கவில்லை. பெற்றோரின் உரிமை, மேலும் ஓடிப்போகிற பிள்ளை சாலையில் சாகலாம் என்றார்கள். அந்த இரண்டாவது காரணத்தை என்னால் முழுவதும் தள்ள முடியவில்லை. இப்போதைக்கு என் குழுவுக்கு வருபவர்களின் பெற்றோரிடம், குறைந்தது ஒரு வாரம் முன்னதாகப் பிள்ளையிடம் சொல்லி, கேட்டுப் பாருங்கள் என்கிறேன். சிலர் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டு, ஒரு பெண் முணுமுணுத்துக்கொண்டே தானாக வண்டியேறி வந்தாள்.

ஷிப்ட் மாறும் தாளை மாற்றினோம். குணத்தைப் பற்றிய சொற்களுக்கு அதில் இடமில்லை. மேலே ஒரே ஒரு கேள்வி: 'போன வாரம் செய்ய முடிந்த எதை இந்த வாரம் செய்ய முடியவில்லை?' அந்த இளம் பணியாளர் எழுதிய கேள்வி அது. முதல் மூன்று வாரம் எல்லோரும் எல்லோருக்கும் 'ஒன்றுமில்லை' என்றே நிரப்பினார்கள். நான்காவது வாரம் ஒருவர் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே 'தலைமுடியைத் தானே பின்னிக்கொள்வாள், மூன்று நாளாக அப்படியே விட்டிருக்கிறாள்' என்று எழுதியிருந்தார். நர்ஸ் ஒன்றரை மணி நேரம் நடந்து போய்ப் பார்த்தார். மணிக்கட்டில் சுளுக்கு.